நாலாவது வரி

எங்கள் எஸ்டேட்டை மெட்ராஸ் கம்பெனி ஒன்று வாங்கிய வருஷம், ஆபீஸ் வாசலில் ஒரு பச்சை போர்டு முளைத்தது. தலைப்பு, ‘நமது கொள்கைகள்’. நேர்மை, உழைப்பு, ஒரே குடும்பம் என்று மூன்று வரி. நாலாவது, ‘நிர்வாகத்தின் கதவு தொழிலாளிக்கு எப்போதும் திறந்திருக்கும்’. இங்கிலீஷில் வந்ததைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். எண்பதுகளில் நான் அங்கே ரைட்டர், அதாவது ஆபீஸ் குமாஸ்தா. தினமும் காலை மஸ்டரில் பேர் கூப்பிட்டு முடித்ததும் போர்டைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி மானேஜர் உத்தரவு. பனியில் நடுங்கிக்கொண்டு நின்றவர்களுக்கு நானும் பூசாரி மந்திரம் சொல்வதுபோல் படித்துத் தொலைத்தேன்.

கிளியூரிலிருந்து காப்பிப் பழம் பறிக்க வரும் ஒருத்தி அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். கைப்பிள்ளைக்காரி. வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் கொட்டகையில் ஓடு உடைந்து, மழை பெய்தால் உள்ளே தண்ணீர் நின்றது. அவள் பிள்ளைக்குச் சளி விடவே இல்லை. மேஸ்திரியிடம் சொன்னாள், என்னிடமும் சொன்னாள். நான் சீட்டு எழுதி மானேஜர் மேஜையில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது.

மெட்ராஸிலிருந்து டைரக்டர் வந்த அன்று மழை. தலையில் சாக்கு, இடுப்பில் பிள்ளை, காலெல்லாம் சேறு. டைரக்டர் உட்கார்ந்திருந்த மானேஜர் அறைக்குள் நேராகப் போய்விட்டாள்.

"கொட்டாய் ஒழுகுதுங்க. புள்ளைக்கு மூச்சு நொம்ப இழுக்குதுங்க, வந்து பாருங்க" என்றாள். அதற்குள் வெளியே தள்ளிவிட்டார்கள்.

"ஒரு வாரம் சஸ்பெண்ட். அத்துமீறி நுழைஞ்சாள்னு டைப் பண்ணுய்யா" என்றார் மானேஜர்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். நானும் டைப் அடித்துத்தானே கொடுத்தேன்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு "என்னங்க போட்டிருக்குது?" என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "கதவு தொறந்திருக்கும்னு தெனமும் படிச்சதும் நீங்கதானுங்களே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

மறுநாள் மஸ்டரில் மூன்று வரியோடு நிறுத்தினேன். மற்ற மூன்றும் என்ன வாழ்ந்தது என்று கேட்காதீர்கள், அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் துணிச்சல்.

"நாலாவது என்னாச்சு?" என்றார் மானேஜர்.

"அது பொய்ங்க சார். வேணும்னா நீங்களே படிங்க."

நின்ற அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாரும் வேலைக்குப் போங்க" என்றார்.