மூன்று மணி நேரப் பயணம்

டெல்லியில் என் மகளுக்கு அடுத்த வாரம் பிரசவம். விமானத்தில் வரச் சொல்லி அவள் கெஞ்சியும், பயத்தில் நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். இன்று திருப்பூர் மண்ணரையில் உள்ள பனியன் கம்பெனியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது: "கோவையிலிருந்து டெல்லிக்கு மூணே மணி நேரம்மா."

மேசையிலிருந்து ஆவி எழுந்தது. அப்பாவின் சட்டையிலும் இதே வாசனைதான்.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா பிரசவத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு தென்காசியில் தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். திருப்பூரில் அயர்ன் மாஸ்டராக இருந்த அப்பா, தகவல் கிடைத்து மூன்று பஸ் மாறி வந்து சேர்வதற்குள் தம்பி பிறந்து இரண்டு நாளாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தா, ஒங்க மவனே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டியாந்திருப்பாம்லா!" என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் அதைப் பார்த்தேன்.

மகளைப் போனில் அழைத்தேன்.

"டிக்கெட் போட்டுரு கண்ணு."

"பயமா இல்லீங்களாம்மா?"

"பயந்தான். வர்ற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கறேன். கொழந்தை கண்ணு முழிக்கறப்ப நான் அங்க இருக்கோணும்."