ரத்தினபாய் மிதக்கிறார்

கண்ணை மூடி, மல்லாந்து மிதந்துகொண்டிருக்கிறார் ரத்தினபாய். சாம்பல் நிறச் சுடிதார் தண்ணீரில் உப்பி, அவரைச் சுற்றி மெல்ல அசைகிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. அவருடைய இமைகூட அசையவில்லை.

வயது தொண்ணூற்றிரண்டு. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்து நீச்சல் குளம், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அவருக்கு மட்டும்தான். நெஞ்சளவுத் தண்ணீர்.

தரையில் அவர் வேறு ஆள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு லிஃப்டிலிருந்து குளத்துக்கு வருவதற்குள் மூச்சு வாங்கும். அங்கங்கே நின்று, செடி பார்ப்பதுபோல நடிப்பார். படியிறங்கித் தண்ணீர் இடுப்பைத் தொட்டதும், விழுந்துவிடுவோமோ என்று முகத்தில் இருந்த கவனம் கழன்றுவிடும்.

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவலிக்காக டாக்டர் தண்ணீரில் நடக்கச் சொன்னார். நடந்தபோது ஒருநாள் கால் வழுக்கியது. முழுகவில்லை, மிதந்தார்.

"காது ரெண்டும் தண்ணிக்குள்ள போயிடும் தம்பி. ஹலோ ஹலோன்னு யாரும் கூப்பிடமாட்டாங்க. என் நெஞ்சு அடிக்கிறது மட்டும் கேக்கும். இவ்ளோ நாளா எங்க இருந்த நீன்னு அதக் கேப்பேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு டாக்டரே, "தண்ணியில இறங்கலாம்" என்று சொல்லியும் தங்கை விடவில்லை. தங்கை அபிகாயில் ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர், அவருக்கே எண்பத்தைந்து. ஒரே வீட்டில் இருவர் மட்டும்.

"இந்த வயசுல இன்னும் என்னக்கா ஸ்விம்மிங்? உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ரத்தினபாய் சண்டை போடவில்லை. பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பாதி இட்லியை ஒதுக்கினார். எதைக் கேட்டாலும் "ம்." ஞாயிறு ஆராதனைக்கும் வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது.

ஒரு மத்தியானம் அபிகாயில் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அக்கா நல்ல தூக்கத்தில் இருந்தார். கைகள் இரண்டும் அகல விரிந்து, விரல்கள் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தன. வாரக்கணக்கில் காணாமல் போயிருந்த சிரிப்பு உதட்டில்.

"தூக்கத்துல மிதக்குறா தம்பி" என்று எங்கள் வாசலில் வந்து நின்று சொன்னார் அபிகாயில். பிறகு என் மனைவியிடம், "உங்கிட்ட பழைய சுடிதார் ஏதாவது இருக்குமாம்மா? எனக்குத்தான்" என்றார். ஆயுள் முழுக்கச் சேலை தவிர எதையும் கட்டாதவர்.

மறுநாள் காலை இருவரும் குளத்தில் இறங்கினார்கள். அபிகாயில் ஒரு கையால் படியோரக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். இன்னொரு கை அக்காவின் பிடரிக்குக் கீழே.

"கைய எடு, அபி."

"மாட்டேன்."

"எடும்மா. நான் எங்கயும் போயிடமாட்டேன்."

விரல் விரலாக அபிகாயில் கையை எடுத்தார். ரத்தினபாயின் நரைத்த முடி தண்ணீரில் விரிந்தது. வெயில் அவருடைய கன்னத்தில் நெளிந்தது.

"போதும்க்கா. ஏறிடலாமா?"

ரத்தினபாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து தங்கையைப் பார்த்தார். பிறகு கால் கட்டைவிரலால் சுவரை மெல்ல ஓர் உந்து உந்தி, குளத்தின் நடுவுக்கு நகர்ந்துபோனார்.