கீழச்சிவல்பட்டி பேஸ்பால் கழகத்தின் மாற்று வீராங்கனை

‘செல்வி கீர்த்தி: மாற்று வீராங்கனை. அமைதியே உருவானவர். கழகத்தின் நிரந்தர விசுவாசி.’

கழகத்தின் பத்தாம் ஆண்டு மலரில், ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது. அமைதியே உருவான கீர்த்தி அதைப் படித்துவிட்டு மலரை இரண்டாகக் கிழித்தாள். இறுதிப்போட்டி தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஆறு வருஷமாக அந்த அணியின் கேட்சர் அவள்தான். முகமூடி மாட்டி, மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்தைப் பிடிப்பாள்; பந்தெறியும் சுபலட்சுமிக்கு அடுத்த பந்து எதுவென்று விரலால் சைகை காட்டுவாள். அந்தச் சைகைகளை வகுத்தவளும் அவளே.

கழகம் பிறந்த கதை விசித்திரமானது. அமெரிக்காவிலிருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பெட்டி நிறையக் கையுறைகள் அனுப்பினார். எல்லாமே இடது கைக்கு. பாதிச் சரக்கை வழியில் திருடிவிட்டார்கள் என்று செயலாளர் உடையப்பன் அமெரிக்காவுக்கே போன் போட்டார். மற்றக் கை பந்தை எறிவதற்கு என்று விளக்கம் வந்தது; அவருடைய சந்தேகம் மட்டும் போகவில்லை. பையன்கள் கிரிக்கெட்டை விட மறுத்ததால் கையுறைகள் பெண்பிள்ளைகளுக்கு வந்தன. அணி வருஷக்கணக்காகத் தோற்றது. தோற்றுக்கொண்டிருந்தவரை அது ஊர் அணியாக இருந்தது. ஜெயிக்கத் தொடங்கியபின்தான் வெளியூர் ஆள் தேவைப்பட்டது.

இறுதிப்போட்டியைப் பார்க்க அமெரிக்காக்காரர் வருகிறார் என்றதும், உடையப்பன் மதுரையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணைக் கேட்சராகக் கூட்டிவந்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் கீர்த்தியைக் கூப்பிட்டார்.

“ஒரு மேட்ச்தானத்தா. அந்தப் பிள்ளைக்குச் சைகையெல்லாம் சொல்லிக்கொடுத்துரு.”

“நான் என்ன தப்புப் பண்ணேன் சித்தப்பா?”

“தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. நீ எங்க போகப்போற, நம்ம பிள்ளதானே.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் இரவெல்லாம் எரிந்தது. பக்கத்தில் நின்ற சுபலட்சுமி வாயே திறக்கவில்லை என்பது அதைவிட அதிகமாக. ஆனாலும் கீர்த்தி மதுரைப் பெண்ணுக்கு ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மலரைக் கிழித்த கையோடு, பாதி ஆட்டமாவது கொடுங்கள் என்று போய்க் கேட்டாள். தண்ணீர்க் கேனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் உடையப்பன். அவள் கேனைத் தாண்டி, மைதானத்தின் குறுக்கே எதிரணியான தேவகோட்டையின் பந்தலை நோக்கி நடந்தாள். உடையப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

“அங்குட்டு எங்கத்தா போற? அவுக வெளியூரு.”

“வெளியூர்க்காரிக்குச் சொல்லிக்கொடுன்னு சொன்னது நீங்கதான சித்தப்பா? ஒருத்திக்குச் சொல்லியாச்சு. மிச்சப் பேரு என்ன பாவம் பண்ணாக?”

உடையப்பன் நின்றுவிட்டார். கடைசி நேரத்தில் புதுச் சைகை வகுக்க அந்த அணியில் கீர்த்தியைத் தவிர யாருக்கும் தெரியாது.

கீர்த்தி தேவகோட்டைப் பந்தலில் உட்கார்ந்து, ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு விரல் என்றால் கடைசியில் தாழும் பந்து என்றும், பந்தெறிபவளுக்குப் பின்னால், இரண்டாம் பேஸில் ஓடக் காத்து நிற்கும் அவர்கள் ஆளுக்கு அந்த விரல்கள் நன்றாகத் தெரியும், அங்கிருந்தே மட்டை பிடிப்பவளுக்குச் சொல்லிவிடலாம் என்றும் சொல்லிக்கொடுத்தாள்.