ஓலெட்டாவின் குரல் உடைந்த இடம்

அமெரிக்காவில் பாட்டுத் தொழிலுக்குப் பேர்போன நாஷ்வில்லில், பெரிய பாடகிகளுக்குப் போட்டுக் காட்ட மாதிரிப் பாட்டு பாடுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: நன்றாகப் பாடு, ஆனால் நீ வெளியே தெரியாதே. பாட்டைப் போட்டுக் காட்டும்போது, அது தன் குரலுக்கென்றே பிறந்ததாகப் பெரிய பாடகி நினைக்க வேண்டும். ஓலெட்டா ஹார்கிஸ் அப்படித்தான் வருடக்கணக்காகப் பாடினாள். காலையில் உணவகத்தில் பன் மாதிரியான சூடான பிஸ்கட்டும் அதன்மேல் ஊற்றும் வெள்ளைக் குழம்பும் பரிமாறுவாள். மதியம் ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஒலிப்பதிவுக்கு ஓடுவாள். அவள் பாடிக் காட்டிய பாட்டெல்லாம் வேறு யார் யார் பெயரிலோ வானொலியில் வரும். அலுத்துவிட்டது. கால்வலிகூடப் பழகிவிட்டது, இது பழகவில்லை.

அந்த வசந்தத்தில்தான் 'உன் தட்டை இன்னும் எடுக்கல' வந்தது. புருஷன் விட்டுப்போன பிறகும் மேசையில் இரண்டு தட்டு வைக்கிறவளின் பாட்டு. ஓலெட்டாவின் புருஷன் டாய்லும் லாரியோடு மெம்பிஸ் பக்கம் போனவன், போனவன்தான். வரிகளைப் படித்ததுமே ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள். பாட்டுகளை வாங்கி விற்கும் ரேபர்னிடம் போய் நின்றாள்.

"இதை எனக்குக் குடுங்க ரேபர்ன். இது ஒண்ணு மட்டும்."

"ஜாய்லின் ப்ரூயிட் இத்தன நாள் அக்கா தங்கச்சிங்களோட சேந்து பாடினவ, இப்ப தனியா பாட வர்றா. மொதல்ல அவளுக்குத்தான் காட்டணும். அவ வேணான்னுட்டா உனக்கு. சத்தியமா."

அப்புறம் என்ன? மாதிரியைச் சப்பென்று பாடிவைத்தால் போதும். ஜாய்லின் உதட்டைப் பிதுக்குவாள், பாட்டு தானாக மடியில் விழும். அந்த முடிவோடுதான் மைக் முன்னால் நின்றாள். முதல் சரணம் உப்பில்லாத சோளக்கஞ்சியாகப் போனது. இரண்டாவதில் அந்தத் தட்டைத் துடைத்து மறுபடியும் வைக்கிற வரி வந்தது. பாழாய்ப்போன வரி. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. குரல் உடைந்தது. சட்டமும் போச்சு, திட்டமும் போச்சு.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். ஜாய்லின் ஒரு தடவை கேட்டாள், கையோடு எடுத்துக்கொண்டாள். மூச்சு வாங்குவதிலிருந்து குரல் உடைவதுவரை அச்சு அசலாகப் பாடினாள். அந்த ஒரு பாட்டில் ஊரறிந்த தனிப்பாடகி ஆகிவிட்டாள். உணவகத்து வானொலியில் அது வரும்போதெல்லாம் ஓலெட்டா காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விடுவாள்.

குளிர் தொடங்கியதும் ரேபர்ன் மறுபடி கூப்பிட்டார். டெக்ஸஸிலிருந்து வந்த புதுப் பாட்டாசிரியன், தன் பாட்டுக்கு மாதிரி பாடவைக்க, அவரோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இவள் யாரென்று தெரியாது.

"ஜாய்லின் பாடினாங்கள்ல, அதே மாதிரி வேணும்க்கா. இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

ரேபர்ன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முதலில் இவள் குரலில் உடைந்ததுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன்.

ஓலெட்டா பாடினாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"நல்லாருக்குக்கா. அந்தக் குரல் உடையற எடந்தான் அவங்க மாதிரி வரல. அவங்க வாழ்க்கையில நெசமாவே எங்கயோ அடிபட்டிருப்பாங்க போல."

"இருக்கும் தம்பி," என்றாள் ஓலெட்டா. "இன்னொரு தடவ ஓட்டுங்க. பாத்துடலாம்."