கட்டம் விழுந்த முகம்

போன வாரம் என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் மயிலாக ஆடினாள். யாரோ எடுத்த வீடியோ, நாலைந்து பேர் போனில் ஏறி இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா, எனக்குக் கண்ணே இல்ல. மூஞ்சி பூரா கட்டம் கட்டமா இருக்கு."

அவள் தம்பி எட்டிப் பார்த்து, "இது மயிலு இல்லப்பா, செங்கச் செவுரு" என்றான். அவனை விரட்டிவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன வீடியோ டேப்பைப் பெட்டியோடு எடுத்து மகள் கையில் கொடுத்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. மூடியைத் திறந்து முகர்ந்தவள், "ஏலக்காய் வாசம்" என்றாள். அழுகை நின்றுவிட்டது. இனி நான் சொல்வது அவளுக்குச் சொன்னதுதான். நீங்களும் கேளுங்கள் பிள்ளைகளே.

டேப்பில் ஏலக்காய் வாசம் வந்ததற்குக் காரணம், நான் வேலை பார்த்த ஸ்டுடியோ போடியில் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கிக்கு மேல் மாடியில் இருந்ததுதான். கீழே மூட்டை பிரித்தால் மேலே எங்கள் சாப்பாடுகூட பாயசம் மாதிரி மணக்கும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கல்யாண வீடியோவை கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, மாப்பிள்ளை தலைக்கு மேல் ரோஜாப் பூ சுற்றவிடுவது என் சோலி. முதலாளி செல்வம் அண்ணன் கேமராவோடு ஊர் ஊராகப் போவார்.

அந்த டேப்பில் உள்ளதை கம்ப்யூட்டரில் ஏற்றுவது லேசான காரியம் இல்லை. கேமராவையும் கம்ப்யூட்டரையும் ஒரு வயரால் இணைத்து டேப்பை ஓடவிட வேண்டும். ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரம் ஆகும். இடமும் நிறைய அடைக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் ரெண்டு கல்யாணம் ஏற்றினால் மூன்றாவதற்கு இடம் இருக்காது. அது முகூர்த்த மாசம். நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். ஏற்றும்போதே படத்தைச் சிறிசாகச் சுருக்கிவிடுவது. பிறகு வெட்டி ஒட்டி, சிடிக்காக இன்னொரு தடவை சுருக்குவது. ஒரே வாரத்தில் ஆறு கல்யாணம் முடித்தேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஏழாம் நாள் காலையில் கைத்தடி ஊன்றிக்கொண்டு பேச்சியம்மாள் அக்கா மாடிப்படி ஏறி வந்தார். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறவர். சரிவில் வழுக்கிக் காலில் பலமாக அடிபட்டு, மகள் கல்யாணத்தன்று தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாலி கட்டியதைப் பார்க்காத அம்மா. அவருக்கு மிச்சம் இருந்தது அந்த சிடி ஒன்றுதான்.

"தம்பி, இதுல இருக்கது எம்மகளா, கட்டம் போட்ட கைலியா?"

"உங்க டிவியில கோளாறா இருக்கும்க்கா."

"அப்ப ஒன் டிவியில போடு."

போட்டேன். ரோஜாப் பூ அழகாகச் சுற்றியது. அதற்குக் கீழே கட்டங்கள் தாலி கட்டிக்கொண்டிருந்தன.

பிள்ளைகளே, ஏலக்காயைச் சலித்துப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய காய் மேலே நிற்கும், பொடி கீழே விழும். படத்தைச் சுருக்கும்போது கம்ப்யூட்டரும் அப்படித்தான் சலிக்கிறது. சலித்ததையே மறுபடி சலித்தால் இன்னும் கொஞ்சம் விழும். விழுந்தது திரும்ப வராது, அந்த இடத்தில் கட்டம்தான் மிஞ்சும்; போன் விட்டுப் போன் போகும் படத்துக்கும் இதே கதிதான். இது தெரியாமல் அந்த அக்கா மகளை நான் ரெண்டு தடவை சலித்திருந்தேன்.

"ஒரிஜினல் டேப்பு இருக்குக்கா, மறுபடி ஏத்தித் தர்றேன்" என்று பெட்டியைத் திறந்தேன். காலி. வேலை முடிந்த டேப்பில் பழைய படத்தின் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பது எங்கள் ஸ்டுடியோ வழக்கம். ஆறிலும் 'முடிந்தது' என்று எழுதி வைத்தவன் நான். செல்வம் அண்ணன் ஆறையும் அள்ளிக்கொண்டு பக்கத்து ஊரான சிலமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். முகூர்த்தம் பத்தரை. அப்போது மணி பத்து.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டார். "நா இங்கனயே இருக்கேன். வெரசாப் போ அப்பு."

கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையின் மொபெட்டை வாங்கிக்கொண்டு, வழியில் ஒரு கடையில் புது டேப் ஒன்றும் வாங்கிக்கொண்டு பறந்தேன். அந்த மொபெட் பறந்தால் மாட்டு வண்டி கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான். பந்தலுக்குள் நுழைந்தபோது செல்வம் அண்ணன் தோளில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பையிலிருந்த ஐந்து டேப்பையும் பார்த்தேன். அக்கா மகள் கல்யாண டேப்பில் நான் எழுதியிருந்த 'போடிமெட்டு' ஒன்றிலும் இல்லை. அப்படியானால் அது கேமராவுக்குள் இருக்கிறது.

"அண்ணே, டேப்ப மாத்தணும்."

"தாலி எடுத்துக் குடுக்கப் போறாக. இந்த நேரத்துல கேமராவத் தொறக்கச் சொல்றியே, நீயெல்லாம் மனுசனாடா?"

"அதுக்குள்ள இன்னொரு தாலி இருக்குண்ணே."

என்னை முறைத்துப் பார்த்தார். ஐயர் தாலித் தட்டை எல்லோரிடமும் ஆசீர்வாதத்துக்கு அனுப்பிய இடைவெளியில் டேப்பை எடுத்து என் கையில் திணித்தார். "ஓடிரு. சோறு கூடக் கெடையாது ஒனக்கு."

மாப்பிள்ளை வந்ததிலிருந்து எடுத்திருக்கிறார். பழைய படத்தில் முதல் பன்னிரண்டு நிமிடம் அழிந்து போயிருந்தது. தாலி கட்டியது டேப்பில் பாதிக்கு மேல் இருந்ததால் தப்பித்தது.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் இடம் வேண்டி கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்தேன், என் ரோஜாப் பூக்களையும் சேர்த்து. பழைய கேமராவில் டேப்பைப் போட்டு, சுருக்காமல், உள்ளது உள்ளபடி ஏறவிட்டேன். ஏறும்போது வேறு எதையும் தொடக்கூடாது. தொட்டால் படம் நடுவில் விட்டுப் போகும்.

"கையக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கியே, இதுக்கா ஒனக்குச் சம்பளம்?" என்றார் அக்கா.

"இதுக்குத்தான்க்கா."

முதலில் சிலமலை மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க மாப்ளைய விட இவருக்கு மூக்கு எடுப்பா இருக்கு" என்றார். பிறகு படம் ஒரு குலுக்கு குலுக்கி, மலை மேலே போனது. பனி, ஜீப்பு, மைக்செட். அக்கா ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தாலி கட்டும் இடம் வந்தது. மகள் குனிந்து நிமிர்ந்தாள். கண்ணோரத்தில் ஒரு சொட்டு நின்று, மூக்குத்தி வரைக்கும் இறங்கியது. சிடியில் அது இல்லவே இல்லை. நான் சலித்துக் கீழே விட்ட பொடி அது.

அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "கழுத, அழுதிருக்கா. ஆஸ்பத்திரிக்கு வந்து, நீ இல்லேன்னு நா ஒண்ணும் அழுகலம்மான்னு சொன்னா." அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மௌசைத் தொடக்கூடாதே.

அக்காவுக்கு ஒரே தடவை சுருக்கிப் புது சிடி போட்டுக் கொடுத்தேன்; என் மகள் முகர்ந்தது அந்த டேப்பைத்தான். இப்போது கடுகளவு கார்டில் நாலு கல்யாணம் அடங்குகிறது. ரெண்டு நிமிடத்தில் ஏறுகிறது. அந்த வயரைச் சொருக இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டையே இல்லை. கிட்டங்கி மாடியில் இன்று மருந்துக் கடை. மகளின் மயில் ஆட்டத்தை, எடுத்தவர் வீட்டுக்கே போய் பென்டிரைவில் வாங்கி வந்தேன். கண் ரெண்டும் இருக்கிறது, மை கொஞ்சம் கலைந்திருப்பதுகூடத் தெரிகிறது. அதை ஏற்றிவிட்டு நான் காபி குடிக்கப் போய்விட்டேன், பிள்ளைகளே. முன்பெல்லாம் யார் வீட்டுக் கல்யாணமானாலும் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்தே ஆக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இப்போது எங்கும் காணோம்.