டீச்சர் பாட வேண்டிய வரி

பலாங்கொடைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ராமச்சந்திரனைத் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் அவன் வீட்டுக்குள் போய் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தவர்கள் யாரென்று கேட்டால், ஊரே முழிக்கும். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் போய்விட்டார்கள். ஒரே தங்கையை அரநாயக்கப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. பகலெல்லாம் ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கும் மிஷினோடு நிற்பான், வீட்டுக்கு வந்தால் கிட்டாரைத் தூக்குவான். டவுனில் சிங்களக் கல்யாணங்களுக்கு வாசிக்கும் பேண்ட் ஒன்றில் அவன்தான் லீட் கிட்டார். மேடையில் பார்த்தால் மாப்பிள்ளையைவிட மிடுக்காக இருப்பான். கீழே இறங்கினால் வாயைத் திறக்க மாட்டான், அழுத்தக்காரப் பயல்.

அவன் வாயைத் திறந்தது கஜானி டீச்சர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான். டீச்சர் வவுனியாக்காரர். வெயில் ஊரில் வளர்ந்த உடம்புக்கு எங்கள் மழை ஒத்துக்கொள்ளவில்லை. எந்நேரமும் சளியும் தடிமனும், கழுத்தில் ஒரு மப்ளர். ஆனால் பாடினாரென்றால், அம்மாடி, அந்தக் கட்டின தொண்டைக்குள்ளிருந்து அப்படியொரு குரல் மேலே போகும். இரண்டு பேருமாகச் சேர்ந்து கோயில் திருவிழாவுக்கு ஒரு மாரியம்மன் பாட்டுக் கட்டினார்கள். அவன் ஒரு வரி பாடுவான், அதே வரியை டீச்சர் மேல் ஸ்தாயியில் திருப்பிப் பாடுவார். வருஷா வருஷம் அந்தப் பாட்டுக்காகவே அவன் புதுச் சட்டை எடுத்தான். அவன் மனதில் என்ன இருந்தது என்று தோட்டத்துக்கே தெரியும். டீச்சருக்குத் தெரியுமா என்பதுதான் யாருக்கும் தெரியாது. அவர் கூப்பிட்டதென்னவோ "அண்ணா" என்றுதான்.

போன வருஷக் கடைசியில் டீச்சருக்கு ஊருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அண்ணா, கோயில் கமிட்டி எங்கட பாட்டை ஸ்டூடியோவில பதியிறதெண்டு சொல்லிக்கொண்டிருக்கினம். என்னை விட்டுட்டுப் பதிஞ்சு போடாதேங்கோ. நான் எப்பிடியும் வருவன்."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் மாதக்கணக்கில் உயிர் வாழ்வானா? ராமச்சந்திரன் வாழ்ந்தான்.

அந்த மாதங்களில்தான் கிட்டாரோடு பொருத்தும் அந்தப் பெடல் வந்து சேர்ந்தது. இரத்தினபுரியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹில்மி அவனுக்குப் பழைய சிநேகிதம். அலமாரியில் கிடந்த ஓர் இரும்புப் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தான். "ஒக்டேவ் ஃபஸ் ராமு. இங்க கெடந்து தூசிதான் புடிக்குது, கொண்டு போங்க. காலால அமத்தினா நீங்க வாசிக்கிற சுரம் கரகரன்னு வரும், அதோடயே மேல் ஸ்தாயிச் சுரமும் ஒட்டிக்கிட்டு வரும்."

இவன் அவசரக்குடுக்கை. வீட்டில் ஒழுங்காகப் பழகாமலே அடுத்த கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். பைலாப் பாட்டுக்கு ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில், எல்லாக் கம்பியையும் ஒரே வீச்சில் மீட்டிக்கொண்டு பெடலை மிதித்தான். மிஷினுக்குள் தகரம் விழுந்தது போல ஒரு சத்தம்! ஆடின கால்கள் நின்றன, பெண்ணின் தாயார் நெஞ்சில் கை வைத்தார். "அனே மச்சாங், ஓக்க நவத்தபன்!" என்று பேண்ட் தலைவன் மைக்கிலேயே கத்திவிட்டான். நிறுத்தச் சொல்லித்தான் கத்தினான், வேறென்ன.

பிறகுதான் உட்கார்ந்து அதன் குணத்தைப் படித்தான். இரண்டு கம்பி சேர்ந்து ஒலித்தால் அந்தப் பெட்டி குழம்பிப்போகும். ஒரே கம்பி, ஒரே சுரம், பக்கத்துக் கம்பிகள் மூச்சுவிடாமல் உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கிட்டாரின் கழுத்துப் பக்கம் கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப்பைப் போட்டு, டோனைக் குறைத்து, பன்னிரண்டாவது கட்டத்துக்கு மேலே வாசித்தால் கரகரப்பு இளகும். அப்படி ஒரு மழை நாளில், மாரியம்மன் பாட்டின் முதல் வரியை வாசித்தவன் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டான். தடிமன் பிடித்த தொண்டையோடு ஒரு பெண் மேலே பாடுகிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வேலை விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அதே கதிதான். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா சுவரைத் தட்டி, "என்னங்க தம்பி, பூனையப் போட்டு மிதிக்கிறீங்களா?" என்று கேட்பார். அவன் சத்தத்தைக் குறைப்பானே தவிர நிறுத்த மாட்டான்.

பதிவு ஒரு சனிக்கிழமைக்கு என்று முடிவானது. டீச்சரும் வருகிறேன் என்று ஃபோனில் குரல்செய்தி அனுப்பினார். நம்ம ஆள் முடி வெட்டி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பெடலையும் பையில் வைத்துக்கொண்டான். டீச்சருக்குக் காட்ட வேண்டுமாம்! பஸ் பாதி வழி போகையில் ஃபோன் அடித்தது. "அண்ணா, குறை நினைக்காதேங்கோ, இந்தக் கிழமை வரேலாமப் போச்சு. பள்ளிக்கூடத்தில லீவு தரேல்லை. அடுத்த மாசம் பாப்பம்."

அவன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்த முகத்தைப் பார்த்ததுமே ஹில்மிக்கு விளங்கிவிட்டது. "வந்ததுக்கு உங்க குரலப் பதிஞ்சிருவோம்," என்றான். பாடி முடித்ததும் ஒரு யோசனை சொன்னான். "டீச்சர்ட வரிகள அந்தப் பெடல்ல வாசிச்சுப் பாருங்களேன். சரி வந்தா கமிட்டிக்கு இதையே குடுத்துரலாம். சரி வராட்டி அடுத்த மாசம் டீச்சர் வந்தே ஆகணும். நானே கோல் எடுத்துப் பேசுறேன்."

ராமச்சந்திரன் பெடலைப் பையிலிருந்து எடுத்தான். சரி வராவிட்டால் டீச்சர் வருவார்! அதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் உண்டா? உள்ளங்கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

தளர்த்தினான். பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அதிர்ந்தது. கல்யாண வீட்டுத் தகரச் சத்தம் அப்படியே வந்தது. ஹில்மி காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு முகத்தைச் சுளித்தான். "இது சரிவராது போலிருக்கு ராமு."

"சரிவராதுங்க," என்றான் இவன், பெரிய கவலைக்காரனைப் போல. உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். கள்ளன்!

"எதுக்கும் இன்னொரு தரம் பாப்போம். நீங்க பாடினதையும் காதுல கேட்டுக்கிட்டு வாசிங்க," என்று ஹில்மி ஹெட்ஃபோனை அவன் தலையில் மாட்டினான்.

அதுதான் வினையாகிப் போனது. காதுக்குள் அவன் குரலே பாடியது. ஒரு வரி முடிந்தது. டீச்சர் பாட வேண்டிய இடம் வந்தது. அங்கே ஒன்றுமில்லை. பின்னணித் தபேலா மட்டும் போய்க்கொண்டிருந்தது. மறுபடி அவன் குரல் அடுத்த வரியைப் பாடியது, மறுபடி அந்த வெறும் இடம். இத்தனை மாதமாக வீட்டில் இருந்ததும் இந்த வெறும் இடம்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தாங்க முடியவில்லை. மூன்றாவது வரி முடிந்தபோது உள்ளங்கை தானாகவே கம்பிகளை அமுக்கியது, விரல் பன்னிரண்டாவது கட்டத்தைத் தாண்டி ஏறியது. மேலே அந்தக் குரல் எழுந்தது. போட்ட திட்டமெல்லாம் மறந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தான். விட்ட வரிகளையும் முதலிலிருந்து வாசிக்கிறேன் என்று அவனே சொன்னான்.

முடித்துக் கண்ணைத் திறந்தபோது ஹில்மி எழுந்து நின்றிருந்தான். "யா அல்லாஹ், ராமு! என்ன மனிசன் நீங்க!" என்றவன், இவன் தடுக்குமுன் மேசையிலிருந்த இவன் ஃபோனை எடுத்து டீச்சருக்குப் பாட்டை அனுப்பியும் விட்டான். எப்படித் தடுப்பான், என்ன சொல்லித் தடுப்பான்?

சோற்றுப் பார்சலைப் பிரிக்கையில் டீச்சரின் பதில் குரல்செய்தியாக வந்தது. ஹில்மி சத்தமாகப் போட்டான். "ஐயோ அண்ணா, மெய்யா நான் பாடினமாதிரியே கிடக்கு. என்னைவிட நல்லாயிருக்கு. நான்தான் பதிவைக் குழப்பிப் போட்டனெண்டு கவலைப்பட்டுக்கொண்டிருந்தனான், இப்ப நிம்மதி. அப்ப நான் இனி வரத் தேவையில்லைத்தானே?"

"பாத்தீங்களா, டீச்சரே ஓகே சொல்லிட்டாங்க," என்று ஹில்மி பூரித்தான். ராமச்சந்திரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இரண்டு வாய்கூட உள்ளே போகவில்லை.

திருவிழா வந்தது. கோயில் மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் எந்தக் குரலையும் கொஞ்சம் கரகரப்பாக்கித்தான் மலைக்குத் தரும். காலையிலேயே பாட்டைப் போட்டார்கள். அவன் வரி, பிறகு அந்த மேல் வரி. ராமச்சந்திரன் இந்த வருஷம் புதுச் சட்டை எடுக்கவில்லை. பைப்படியில் குடத்தை வைத்துவிட்டு நின்றான்.

பாக்கியம் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து காதைக் கொடுத்தார். முகம் மலர்ந்தது. "அட, நம்ம டீச்சர் குரலு! வார்த்தைதான் வெளங்க மாட்டேங்குது, பாவம் இன்னும் தடிமன் விடல போல. எப்ப தம்பி வந்தாங்க? பாடிட்டுப் போய்ட்டாங்களா?"

குடம் நிரம்பி வழிந்தது. அவன் பைப்பை மூடினான்.

"ஆமாங்க அக்கா. வந்துட்டுப் போய்ட்டாங்க."

"ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க! அடுத்த தடவ வந்தா நம்ம வீட்டுலதான் சாப்பிடணும்னு சொல்லி வைங்க."

"சொல்றேங்க," என்றான்.