கடைசிப் படியில் வெட்டிய பேர்

பதிவுத் தபால் வந்தபோது நான் ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸில் தாய்மாமன்களின் படங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியதுமே கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். கரண்ட் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தால்கூட, வீட்டை ஜப்தி செய்ய வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பேன்.

நாலு பக்கம் இங்கிலீஷ். டெல்லியில் இருக்கிற வக்கீல்கள் அனுப்பியது. நான் ஒன்பதாவதோடு நின்றவன். போன் கேமராவில் காட்டித் தமிழாக்கினால், வந்த தமிழ் அந்த இங்கிலீஷைவிடக் கஷ்டமாக இருந்தது. திரும்பத் திரும்பப் படித்து மூன்று விஷயம் புரிந்துகொண்டேன். ஒன்று, எங்களுக்குச் சொந்தமான விளையாட்டை நீ எடுத்திருக்கிறாய். இரண்டு, பதினாலு நாளில் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, வைத்திருக்கிற எல்லாவற்றையும் அழித்து எழுதிக் கொடு. மூன்றாவதுதான் என்னைப் படுத்திய விஷயம். உன்னோடு சேர்ந்து செய்தவர்கள் யார் யார், முழுப் பேரும் விலாசமும் எழுது.

கடைசிப் பக்கத்தில் ஒரு படம் அச்சடித்திருந்தார்கள். விளையாட்டின் முதல் காட்சி. ஒரு மலையின் முதல் படி. அந்தப் படியில் கல்லில் வெட்டினாற்போல என் பேர், என் அப்பா பேர், கடையின் கதவு எண், திருத்தணி, என் போன் நம்பர். எல்லாம் நானே வரைந்தது.

எங்கள் ஊர்க் கோயில் மலையில் படியேறிப் போனவர்களுக்கு இது புரியும். படிக்கல்லோ, ஃபேனோ, தண்ணீர்த் தொட்டியோ, பொதுவுக்கு எதைக் கொடுத்தாலும் ‘உபயம்’ என்று போட்டு, கொடுத்தவர் பேர், தகப்பனார் பேர், ஊர் எழுதுவது வழக்கம். டியூப்லைட்டின் மேலே வெளிச்சம் வராத அளவுக்கு எழுதியிருப்பார்கள். இருபது வருஷமாக அந்த ஸ்டிக்கர்களை வெட்டிக் கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். ஊருக்கு இலவசமாக ஒன்றைக் கொடுத்தால் பேர் போட வேண்டும். பேர் இல்லாமல் வைத்தால்தான் அது திருட்டுப் பொருள் மாதிரி இருக்கும் என்று நிஜமாகவே நினைத்தேன்.

விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பேரை மட்டும் எழுத முடியாது, எழுத மாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆட்களின் பேரும் வேண்டாம். பேரால் பட்டது போதும்.

பட்டன் போன் காலத்து விளையாட்டு அது. ஒரு ஆள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மலை ஏறுவான். குரங்கு வந்து பிடுங்கும், மழை பெய்யும், கால் வழுக்கும். மூட்டை விழுந்தால் மறுபடி அடிவாரத்திலிருந்து. பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்டிக்கர் கடையில் சேர்ந்த புதிதில், வயதொத்தவர்கள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கடையைத் தாண்டிப் போகிற நேரத்தில், நான் தலையைக் குனிந்துகொண்டு அதை விளையாடுவேன். பிறகு புதுப் போன்கள் வந்தன. அவற்றில் அது ஓடவில்லை. கம்பெனியும் விற்பதை நிறுத்திவிட்டது. காசு கொடுக்கிறேன் என்றாலும் கிடைக்காது. இணையத்தில் ஒரு குழுவில் என்னைப் போலவே அதற்கு ஏங்கின நாலு பேரைப் பார்த்தேன். நாமே புதுப் போனுக்கு ஏற்றாற்போலத் திரும்பச் செய்யலாம் என்று பேச்சு வந்தது. படங்கள் என் பொறுப்பு. மலையை எங்கள் மலை மாதிரி, செங்காவியும் வெள்ளையும் அடித்த படிகளோடு வரைந்தேன்.

நாலு பேரில் மூன்று பேருக்குப் பட்டப்பேர் மட்டும்தான் உண்டு. யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது. நாலாவது ஒரு பெண். நிரல் முழுக்க அவள் எழுதியது. ‘கடம்பத்தூர்ல ட்ரெயினை நிறுத்திட்டான், இன்னைக்கு வேலை நடக்காது’ என்று ஒருநாள் எழுதப்போய், அவள் மணவூர்க்காரி என்று கண்டுகொண்டேன். தினமும் சென்னைக்கு ரயிலில் போய் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அப்பாவின் நினைவுநாள் போஸ்டரை என் கடையில் அடிக்க ஒருதடவை நேரில் வந்தாள்; அவள் பேரும் அப்பா பேரும் அப்போதுதான் தெரிந்தது. என்னை அண்ணா என்பாள். யாரும் நிஜப் பேரைப் போடக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். அவளுடைய ஆபீஸ், விளையாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கிற ஆபீஸ். அடுத்தவர் பொருளில் கை வைக்க மாட்டேன் என்று அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்தால் வேலை போய்விடும். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் அவளும்தான்.

நான் என் பேரைப் போடுவேன் என்று அடம்பிடித்தபோது, “உங்க இஷ்டம்ண்ணா. அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க,” என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் நான் இன்னொன்று செய்திருந்தேன். கடைசிப் படியில் அவள் பேரை வெட்டியிருந்தேன். நிஜப் பேர். அப்பா பேர். மணவூர். மூன்று வருஷம் ரயிலில் நின்றுகொண்டே எழுதினவள் பேர் எங்குமே இல்லாமல் போவது எனக்கு அநியாயமாகப் பட்டது. நிரல் எழுதுகிறவர்களுக்குப் படம் வெறும் கோப்பு. திறந்து பார்க்க மாட்டார்கள். கடைசிப் படிவரை யார் ஏறப்போகிறார்கள், என்றைக்காவது அவளே ஏறும்போது பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதனால்தான் அந்த மூன்றாவது விஷயத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் படியைப் படம் எடுத்தவர்கள் கடைசிப் படிக்கு வராமலா இருப்பார்கள்?

ரெண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கடை போர்டில் இருந்த போன் நம்பர் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினேன். ஜீப் சத்தம் கேட்டால் உள்ளே போனேன். மூன்றாம் நாள் என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அவள் பொதட்டூர்பேட்டை தறிக்கார வீட்டுப் பெண். வாய் தறியைவிட வேகம். “ஊருக்கெல்லாம் பேர் போட்டுக் குடுத்துகினு இருந்தவருக்கு, தம்பேரையும் போட்டுக்க ஆசை வந்துடிச்சாக்கும்,” என்றாள். போலீஸ் வந்தால் தன் நைனா வீட்டுக்குப் போய்விடுவதாகவும், நான் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னாள். பிறகு தாலுகா ஆபீஸ் பக்கம் இருக்கிற வக்கீலிடம் அவளே இழுத்துக்கொண்டு போனாள்.

வக்கீல் நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

“இது யாரு பண்ண விளையாட்டு?”

“அவங்களுதுதான் சார். ஆனா அவங்க விக்கறதில்ல. கேட்டாலும் கெடைக்காது. நாங்க சும்மாதான் குடுத்தோம். ஒரு பைசா வாங்கல.”

“பூட்டிக் கெடக்கற வூட்ல பூந்து பெயிண்ட் அடிச்சிட்டு, காசு வாங்காமதான் அடிச்சேன்ற. வூட்டுக்காரன் வந்து கேப்பானா, மாட்டானா?”

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. போன ஆடிக் கிருத்திகைக்கு ஒரு கட்சி பேனருக்காக நான் ஒரு மயில் வரைந்தேன். இறகு இறகாக நாலு நாள். பக்கத்துத் தெருக் கடைக்காரன் அதை அப்படியே எடுத்து, வேறொரு கட்சிக்கு பேனர் அடித்துக் கொடுத்துவிட்டான். பஜாரே பார்க்கச் சண்டை போட்டேன். எந்த நாட்டிலோ ஒருத்தர் உட்கார்ந்து அந்த மூட்டைக்காரனையும் அப்படித்தானே முதலில் வரைந்திருப்பார்? மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவரை நான் நினைக்கவில்லை. ஆனாலும், விற்கவும் மாட்டேன், விளையாடவும் விட மாட்டேன் என்பது என்ன நியாயம் என்று மனசு இன்னொரு பக்கம் முரண்டியது. எந்தப் பக்கமும் முழுசாகச் சாய முடியவில்லை.

மற்ற பேர்களை எழுதிக் கொடுத்தால் பாரம் பிரிந்துவிடும் என்றார் வக்கீல். மூன்று பேர் யாரென்றே தெரியாது என்றேன். நாலாவது ஆள் யார் என்று கேட்டார். நான் மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவியும் அதையே பார்த்தாள்.

அன்று சாயங்காலம் ரயில் ஏறி மணவூர் ஸ்டேஷனில் போய் நின்றேன். சென்னை வண்டியிலிருந்து அவள் இறங்கினாள். தபால் வந்ததைச் சொன்னேன். முகம் மாறினாலும் தைரியமாகத்தான் இருந்தாள். எழுதிக் கொடுத்துவிடலாம், உங்க பேரைத் தவிர வேற பேர் எதுவும் இல்லையே, பயப்படாதீங்க என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அதற்கப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னேன்.

“எம்பேரா?”

“ஆங்.”

“முழுப் பேரா?”

“அப்பா பேரு, ஊரோட.”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போனது.

“டோர் நம்பர் போடலையே?”

“அது எனக்குத் தெரியாதும்மா.”

“தெரிஞ்சிருந்தா போட்டிருப்பீங்க.”

போட்டுத்தான் இருப்பேன்.

அவள் திட்டினதை முழுக்க எழுத வேண்டியதில்லை. குரலை உயர்த்தாமல் திட்டினாள், அதுதான் தாங்க முடியவில்லை. கேட்காமல் கொடுக்கிற மரியாதை யாருக்கு வேண்டும் என்றாள். “எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கம்பெனிக்கு முன்னாடி அவங்க நோட்டீஸ் வுடுவாங்க. சர்ச் கோயர்ல பாடற பொண்ணு பேரு மலைப்படியிலயான்னு,” என்றபோது மட்டும் லேசாகச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து, விளையாட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டாள். மூன்று வருஷ வேலை, ரெண்டு நிமிஷம் ஆகவில்லை. அதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துச் சொன்னாள். கடைசிப் படி வரைக்கும் இதுவரை ஏறினவர் ஒரே ஒருவர். அது யாரென்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கடைக்கு வந்தாள், மிச்சமிருந்ததையெல்லாம் அழிக்க. அழிப்பதற்கு முன் அந்தப் படியைப் பார்க்க வேண்டும் என்றாள். படத்தைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். வேண்டாம், ஏறியே பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். அவளே எழுதிய குரங்கு அவளையே மூன்று தடவை தள்ளிவிட்டது. என் மனைவி கொண்டுவந்த டீ ஆறிப்போனது. மத்தியானம் தாண்டித்தான் உச்சிக்கு வந்தாள். திரையில் இருந்த பேரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எங்கப்பா பேரைக் கல்லுல பார்த்தது கல்லறைலதான்,” என்றாள். “நல்லாதான் எழுதியிருக்கீங்க.”

அழிக்கிற பட்டனை அவளே அழுத்தினாள்.

பத்திரத்தில், படமும் நிரலும் எல்லாமும் நான் ஒருவனே செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாவதோடு நின்றவன் நிரல் எழுதினான் என்றால் யார் நம்புவார்கள் என்று அவளுக்குக் கவலை. விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று நாலு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். கல்லாவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பதுபோல உருப்போட்டேன். யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் உறுதிமொழியை ஏற்கிறோம். கொடுத்த தகவல் பொய் என்று தெரிந்தால் மறுபடி நடவடிக்கை எடுக்க உரிமை உண்டு. அந்த ரெண்டாவது வரியோடுதான் நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

தினமும் கடை திறந்ததும் விளையாட்டின் பேரை இணையத்தில் தேடிப் பார்ப்பேன். அப்படித்தான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. சேலம் பக்கத்துக்காரர் ஒருவர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிடையர் ஆனவர், ஏற்கெனவே போனில் இறக்கி வைத்திருந்த விளையாட்டை அடியிலிருந்து உச்சிவரை ஏறிக் காட்டியிருந்தார். ஏறின அந்த ஒருவர் அவர்தான். கடைசிப் படி வந்ததும் மூச்சுவாங்க அதில் இருந்த பேரைச் சத்தமாகப் படிக்கிறார். அப்பா பேரையும் படிக்கிறார். “மணவூராம்,” என்று சந்தோஷமாகச் சொல்லி முடிக்கிறார்.

வீடியோவை அங்கேயே நிறுத்தினேன். அவர் தன் நம்பரைக் கீழே போட்டிருந்தார். கூப்பிட்டேன். படம் வரைந்தவன் நான்தான் என்றதும் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பதினேழு நாள் ஏறினாராம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். நடுவில் குறுக்கிடத் தைரியம் வராமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த வீடியோவை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

தபால் வந்த விஷயம் இணையக் குழு வழியாக அவர் காதுக்கும் போயிருந்தது.

“கம்பெனிக்காரன் உங்களுக்கு லெட்டர் போட்டான்னு கேள்விப்பட்டு வருத்தப்பட்டேன். இப்ப நீங்க எனக்குப் போடறீங்களா தம்பி?”

நான் நிஜத்தைச் சொன்னேன். ஒரு பெண்ணின் வேலை, அவள் வீடு, நான் செய்த தப்பு. அவர் கேட்டுக்கொண்டார். தான் ஏறினதற்கு அது ஒன்றுதான் சாட்சி, முழுசாக எடுக்க மனசு வரவில்லை, கடைசிப் படியை மட்டும் வெட்டிவிடுகிறேன் என்றார். அன்றைக்கே வெட்டிவிட்டார்.

இதை நான் மணவூர்க்காரியிடம் சொல்லவில்லை. அவளும் இப்போது கூப்பிடுவதில்லை.

வீடியோ இன்னும் இருக்கிறது. மூட்டையைச் சுமந்துகொண்டு அந்த ஆள் ஒரு படி மிச்சம் இருக்கும்போது சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே ஜனங்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ‘கடைசிப் படி எங்க அங்கிள்?’ ‘விழுந்துட்டாரு, அதான் வெட்டிட்டாரு.’ ‘இதுக்கா பதினேழு நாளு?’ அவர் ஒருவருக்கும் பதில் எழுதுவதில்லை. ‘அவர் ஏறினார், நான் பார்த்தேன்’ என்று நான் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். அனுப்பினால் மேலே என் பேர் வரும். யார் நீ, எங்கே பார்த்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அடித்ததை அழித்துவிட்டு, காத்திருக்கிற ஃப்ளெக்ஸைத் திறக்கிறேன்.